சிட்னியில் முதல் நான்கு நாள்: எந்தப் படகு, எந்தப் பக்கம்?

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நீங்களும் மனைவியும் சிட்னியில் இறங்குகிறீர்கள், திங்கள் காலை மெல்போர்ன் போய்விடுவீர்கள். முதல் நாள் மாலையே துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் உல்லாசப் படகில் சாப்பாட்டோடு டிக்கெட் போடலாமா, சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவு மேல் ஏறுவது அந்தக் காசுக்குத் தகுமா, மனைவிக்குப் பேருந்தில் போனாலே குமட்டுமே, படகு ஒத்துக்கொள்ளுமா, படகில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? நீங்கள் எழுதியிருப்பது இந்த நான்கு கேள்விகள். ஆனால் படித்துப் பார்த்தால் அடியில் வேறொன்று கேட்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு பேரும் வெளிநாடு வருகிறீர்கள், நாளும் காசும் வீணாகக் கூடாது, வந்த இடத்தில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போகவும் கூடாது. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். படகில் எந்தப் பக்கம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

நான் தூத்துக்குடிக்காரன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடம் பயணிகள் படகுகளில் டெக்ஹேண்ட் வேலை. படகு துறையை நெருங்கும்போது வடத்தை வீசி இரும்புக் குற்றியில் மாட்டுவது, ஏறி இறங்கப் பலகையைச் சாய்ப்பது, குடிபோதையில் தண்ணீரில் விழப் போகிறவனைக் காலரைப் பிடித்து நிறுத்துவது, எல்லாம் அதில் அடக்கம். அதனால் காற்று, அலை, படகு, எந்தத் துறையில் எப்போது கூட்டம் என்பதில் நான் சொல்வதை நம்பலாம். நல்ல ஹோட்டல் எது என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்த ஊரில் யாரும் ஹோட்டலில் தங்குவதில்லை.

முதலில் வியாழக்கிழமையைக் காலியாக விடுங்கள். நவம்பரில் சிட்னி நேரம் நம் ஊரைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி வந்து இறங்கியிருப்பீர்கள். அன்று மாலை ஏழு மணிக்கு உடம்புக்கு மதியம் ஒன்றரை, ஆனால் தூக்கம் போதாத ஒன்றரை. மறுநாள் காலை ஏழு மணி என்பது உடம்புக்கு நடுராத்திரி ஒன்றரை. ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் விடிகாலையில் விழித்துக்கொள்வார்கள், இங்கே வருகிறவர்களுக்கு எழுந்திருக்கவே முடியாது. அதனால் முதல் நாள் மாலைக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்கும் எதற்கும் காசு கட்டி வைக்காதீர்கள். கட்டி வைத்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் ஓடிவந்து, படகு கிளம்பிய பிறகு துறையில் நின்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டவர்களை நான் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில் ஒரே ஒரு விஷயம். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் உங்களுக்குத் தரும் பயணிகள் படிவத்தில் 'உண்டு' என்று எழுதுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி, நெய், கறிவேப்பிலை, கொட்டை எடுக்காத புளி, எதுவானாலும் சரி. எழுதிக் காட்டினால் ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், ஆனதைத் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். எழுதாமல் பிடிபட்டால் அபராதம் உங்கள் பாலம் ஏறும் செலவைத் தாண்டலாம். ஊருக்குள் வர ரயில் இருக்கிறது, ஆனால் விமான நிலைய ஸ்டேஷனுக்கு என்று ஆளுக்கு 17 டாலருக்கு மேல் தனிக் கட்டணம் போடுகிறார்கள். இரண்டு பேர், இரண்டு பெட்டி என்றால் டாக்ஸியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி சின்னதாக இருந்தால் 420ஆம் எண் பேருந்தில் மஸ்காட் ஸ்டேஷன் வந்து அங்கே ரயில் ஏறலாம், அந்தத் தனிக் கட்டணம் அங்கே கிடையாது.

பயண அட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாசலில் அதிகம் தகராறு நடப்பது இதில்தான். ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் உங்கள் வங்கி அட்டையையே தட்டலாம். கிளம்புமுன் அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும், தொட்டுக் கட்டும் வசதியையும் திறந்து வையுங்கள். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. ஒருவர் பிளாஸ்டிக் அட்டை, இன்னொருவர் அதே கணக்கைப் போனில் ஏற்றிக்கொண்டு தட்டினால் இரண்டாகத்தான் கணக்காகும். ஆனால் ஏறும்போது எதைத் தட்டினீர்களோ இறங்கும்போதும் அதையேதான் தட்ட வேண்டும். நகரத்தின் முக்கியப் படகுத்துறையான சர்க்குலர் கீ, கடற்கரைப் பகுதியான மேன்லி போன்ற பெரிய துறைகளில் கதவு இருக்கும், மறக்க மாட்டீர்கள். சின்னத் துறைகளில் ஒரு கம்பம் மட்டும் நிற்கும், பேசிக்கொண்டே தாண்டிப் போய்விடுவோம், முழுக் கட்டணமும் பிடித்துவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அது மற்ற நாள்களில் இருப்பதில் பாதி. நீங்கள் தெரியாமலே நல்ல நாள் பார்த்து வருகிறீர்கள்.

இப்போது உல்லாசப் படகு. அது போகிற தண்ணீரும் நான் வேலை பார்த்த படகு போகிற தண்ணீரும் ஒன்றுதான், தெரிகிற ஓபரா ஹவுஸும் ஒன்றுதான். இது நிச்சயம். சுற்றுலாப் படகில் விளக்கம் சொல்வார்கள், சில சமயம் நாங்கள் போகாத உள்குடாக்களுக்குள் நுழைவார்கள், அது உண்மையான வித்தியாசம். சாப்பாடு எப்படி இருக்கும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். என் பெற்றோர் வந்தபோது ஒரு படகில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்தேன். சைவம் என்று இரண்டு தடவை சொல்லியும் வேகவைத்த பூசணித் துண்டு நான்கு வந்தது. வெளியே மழை, உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி. அப்பா கைக்குட்டையால் ஒரு வட்டம் துடைத்து அதன் வழியாகச் சிட்னியைப் பார்த்தார். நீங்கள் போவதானாலும் ஞாயிறு மாலைக்கு, வானிலையைப் பார்த்து, அன்று காலையில் முடிவு செய்யுங்கள்.

வியாழன் மாலை தூங்கி எழுந்ததும் நடந்தே தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1816 முதல் இருக்கும் பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை. கடலோரமாகவே நடந்தால் திருமதி மக்குவாரியின் நாற்காலி என்று பாறையில் குடைந்த ஓர் இருக்கை வரும். ஆளுநர் மக்குவாரியின் மனைவி உட்கார்ந்து கடலைப் பார்க்க 1810இல் கைதிகளை வைத்துச் செதுக்கியது. அங்கிருந்து ஓபரா ஹவுஸும் பாலமும் ஒரே படத்தில் விழும். சூரியன் அவற்றுக்கு இடப்பக்கமாக, நகரக் கட்டிடங்களின் பின்னால் இறங்கும், ஏழரை மணி வாக்கில். உட்கார்ந்து பாருங்கள். முதல் நாளுக்கு அது போதும். பூங்காவின் கதவை இருட்டும்போது மூடிவிடுவார்கள், உள்ளே நுழையும்போதே பலகையில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூரியனைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், இங்கே உச்சிவேளையில் வடக்கே நிற்கும். திசை தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர்கள்தான் இங்கே அதிகம் வழி தவறுவார்கள். படம் எடுக்கிறவருக்கு இது முக்கியம்: மதியம் நகரத்தை எடுக்க வேண்டும் என்றால் வடகரைக்குப் போய்த் தெற்கே பார்த்து எடுங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். காற்றும் இங்கே நேர்மாறு. நாம் தென்றல் என்றால் சுகமான காற்று என்போம், வாடை என்றால் போர்த்திக்கொள்வோம். இங்கே வடக்கிலும் வடமேற்கிலும் இருந்து வருவதுதான் சுடும் காற்று. தெற்கிலிருந்து வருவது துருவப் பக்கத்துக் குளிரைச் சுமந்துகொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். வெயில் கொளுத்துகிற நாளில் சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கு மேல் குறைந்து, குடைகள் கடற்கரையில் உருள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மெல்லிய ஜாக்கெட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வெயில் தணிந்ததாகத் தெரிந்தாலும் தோல் பொசுங்கும், நம் நிறம் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மேன்லி. ஏன் ஞாயிறு வேண்டாம் என்றால், நல்ல வெயிலுள்ள ஞாயிற்றுக்கிழமை பாதிச் சிட்னி அந்தப் படகுக்குத்தான் வரும், திரும்பும்போது வரிசை துறையைத் தாண்டித் தெருவுக்குப் போகும். வெள்ளிக்கும் அதே பாதி உச்சவரம்பு, கூட்டமோ அதில் சொச்சம். சர்க்குலர் கீயில் 3ஆம் துறை, எஃப்-1 தடம். ஏறக்குறைய 11 கிலோமீட்டர், அரை மணி நேரம். பச்சையும் இளமஞ்சளும் பூசிய பெரிய படகு வந்தால் விடாதீர்கள். 1980களில் கட்டியவை, ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் திரும்பாமலே போய்வரும். சிறிய புதிய படகுகளும் அதே தடத்தில் ஓடுகின்றன. தனியார் வேகப் படகும் ஒன்று உண்டு, ஆனால் அரசுப் படகின் உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது.

குமட்டலைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் பதில். பாதி வழிக்கு மேல் இது குளம் மாதிரி, ஆடாது. வடக்கு முனை, தெற்கு முனை என்று இரண்டு செங்குத்துப் பாறைகள், அவற்றுக்கு நடுவே பசிபிக் கடல் திறந்து கிடக்கும். அந்த வாயைக் குறுக்கே கடக்கும் சில நிமிடங்கள்தான் ஆட்டம். கடல் அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் காப்பிகூடத் தளும்பாது. தென்கிழக்கில் எங்கோ புயல் அடித்திருந்தால் படகு நிதானமாக ஏறி இறங்கும், தொட்டிலில் போட்டதுபோல. ரொம்பப் பெரிதானால் எங்களையே நிறுத்திவிடுவார்கள், பேருந்துதான். அன்றைக்கு எப்படி இருக்கும் என்பதை இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது, அன்று காலையில் ஏறும்போது டெக்ஹேண்டிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்வார். வசந்த காலத்தில் பொதுவாக வடகிழக்குக் காற்று மதியத்துக்கு மேல்தான் கிளம்பும், அதனால் பத்து மணி வாக்கில் போனால் நல்லது. உங்கள் மனைவியை அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார வைக்காதீர்கள், மேல்தளத்திலும் வேண்டாம். கீழ்த்தளத்தில் நடுவாக, காற்றுப் படும்படி வெளியே உட்கார்ந்து, தூரத்துக் கரையையே பார்க்கட்டும். போனைப் பார்த்தால் போச்சு. வெறும் வயிற்றோடும் வர வேண்டாம், நிறையச் சாப்பிட்டும் வர வேண்டாம். இஞ்சி மரப்பா கொண்டு வருவதானால் அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

மேன்லி என்ற பெயர் 1788இல் வந்தது. முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் இங்கிருந்த பழங்குடி ஆண்களின் அஞ்சாத மிடுக்கைப் பார்த்து வைத்தார். துறையிலிருந்து கோர்சோ என்ற தெரு வழியாக ஐந்து நிமிடம் நடந்தால் அந்தப் பக்கம் திறந்த கடல். அங்கிருந்து வலப்பக்கமாகக் கடலை ஒட்டியே ஒரு நடைபாதை ஷெல்லி கடற்கரைக்குப் போகும், இருபது நிமிட நடை. வழியில் சுவர்மேல் பெரிய ஓணான்கள் வெயில் காயும், பயப்படாதீர்கள். அந்தக் குடா மீன் பிடிக்கத் தடை செய்த இடம், அதனால் பாறைமேல் நின்று குனிந்தாலே நீலமாக ஒரு பெரிய மீன் மெதுவாகப் போவது தெரியும். உங்கள் நான்கு நாளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஓபரா ஹவுஸை அல்ல.

குளிப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள், அவற்றுக்கு நடுவில் மட்டும்தான் இறங்க வேண்டும். நான் மன்னார் வளைகுடாக் கடலில் நீந்திப் பழகியவன். வந்த முதல் மாதம் கொடிக்கு நடுவே கூட்டமாக இருக்கிறதே என்று பக்கத்தில் அலையே இல்லாமல் அமைதியாக இருந்த இடத்தில் இறங்கினேன். அந்த அமைதிதான் ஆபத்து. கரைக்கு வந்த அலைத்தண்ணீர் எல்லாம் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது, அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை, நிறமும் சற்றுக் கருத்திருக்கும். இரண்டு நிமிடத்தில் கரையில் நின்றவர்கள் சின்னதாகிவிட்டார்கள். கரையை நோக்கி நீந்த நீந்தக் கை ஓய்ந்தது. கடைசியில் ஒரு காவலர் பலகையில் வந்து என்னை இழுத்துப் போட்டார், திட்டக்கூட இல்லை, தினமும் பார்க்கிறவர். அந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் வந்துவிடுவார்கள். இது தெரிந்தாலும், நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்க வேண்டாம்.

சனிக்கிழமை பாலம். வளைவு மேல் ஏற இரண்டு பேருக்கு ஆகும் காசில் நல்ல பட்டுப்புடவை எடுக்கலாம். ஏறியவர்கள் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே 134 மீட்டர் உயரம், மூன்று மணி நேரம். போன், கேமரா எதுவும் கொண்டுபோக விடமாட்டார்கள், குடித்திருக்கிறீர்களா என்று ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். உங்களில் ஒருவருக்கு ஆசை, ஒருவருக்குப் பயம் என்றால் வேண்டாம். தென்கிழக்குத் தூணுக்குள் 200 படி ஏறினால் ஒரு பார்வை மாடம் இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு, படமும் எடுக்கலாம். ஒரு வேடிக்கை தெரியுமா, அந்தக் கல் தூண்கள் நான்கும் பாலத்தைத் தாங்கவில்லை. பார்க்கிறவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று கட்டியது. 503 மீட்டர் வளைவின் பாரம் முழுவதும் கீழே இருக்கும் கீல்களில்தான் நிற்கிறது. வெயிலில் இரும்பு விரிந்து வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரும். 1932 மார்ச் 19 அன்று திறந்தபோது முதல்வர் ஜாக் லாங் நாடாவை வெட்டப் போக, பிரான்சிஸ் டி குரூட் என்பவர் குதிரையில் வந்து வாளால் முந்திக்கொண்டு வெட்டிவிட்டார். நாடாவைத் திரும்பக் கட்டி மறுபடி வெட்டினார்கள்.

பாலத்தின் மேல் நடப்பது இலவசம். தி ராக்ஸ் பகுதியில் கம்பர்லாண்ட் தெருப் படிக்கட்டில் ஏறினால் கிழக்கு ஓர நடைபாதை, இருபது முப்பது நிமிடத்தில் மில்சன்ஸ் பாயிண்ட். ராக்ஸின் பழைய கல்வீடுகளை இடித்து மாடி அடுக்க 1970களில் திட்டம் போட்டபோது, ஜாக் மண்டி தலைமையில் கட்டிடத் தொழிலாளர் சங்கம் வேலை செய்ய மறுத்து அவற்றைக் காப்பாற்றியது. அந்தத் தெருக்களில் நடக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் கிரிபில்லியில் மக்டூகல் தெரு முழுக்க ஜகரண்டா மரம், நீங்கள் வரும் வாரம் பெரும்பாலும் பூத்து ஊதாவாக நிற்கும், முந்தின நாள் மழை அடித்திருந்தால் பூ தரையில் கிடக்கும், அதுவும் அழகுதான். கூட்டம் இருக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் லாவண்டர் குடாவுக்கு மேலே வெண்டியின் தோட்டம். ஓவியர் பிரெட் வைட்லி 1992இல் இறந்த பிறகு, அவருடைய முன்னாள் மனைவி வெண்டி வீட்டுக்கு எதிரே ரயில்வேக்குச் சொந்தமான குப்பைமேட்டைத் தன் கையாலேயே சுத்தம் செய்து வளர்த்தது. பெஞ்சுகள் உண்டு, யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அங்கிருந்து மில்சன்ஸ் பாயிண்ட் துறையில் எஃப்-4 படகு ஏறி பரங்காரூ போங்கள், அங்கே கரையோரப் பூங்காவில் நடந்துவிட்டு அதே தடத்தில் சர்க்குலர் கீ திரும்புங்கள், பாலத்துக்கு நேர் கீழே வருவீர்கள். இந்தத் தடத்தில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. பாலத்துக்கு மேற்கே பரங்காரூ, கிழக்கே ஓபரா ஹவுஸ் நிற்கும் பென்னலாங் முனை. ஆங்கிலேயர் வந்தபோது இங்கே வாழ்ந்த பழங்குடிக் கணவன் மனைவியின் பெயர்கள் அவை. மரப்பட்டைத் தோணியில் போய்த் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது அப்போது பெண்கள் வேலை, பரங்காரூவும் அப்படி ஒரு மீன்காரி. வெள்ளைக்காரர் உடையைப் போட்டுக்கொள்ள மறுத்தவர். 1791இல் இறந்துபோனார். மறு வருடம் கணவர் ஆளுநரோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

ஓபரா ஹவுஸை அதே மாலை பாருங்கள், வெளியே சுற்றிப் பார்க்கக் காசு இல்லை. டென்மார்க்கின் யோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்ற வரைபடம் அது. கூரைச் சிப்பிகளை எப்படிக் கட்டுவது என்று வருடக்கணக்காகத் திணறி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டிய துண்டுகளாக்கினார். 1966இல் அரசோடு சண்டை வந்து விலகிப் போனவர், 1973இல் திறந்த கட்டிடத்தைப் பார்க்க ஒருநாளும் திரும்பி வரவில்லை. படிமேடையில் சிப்பி தரையைத் தொடும் இடத்துக்குப் போய்க் கிட்டே பாருங்கள். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது வெள்ளை அல்ல, பளபளப்பான ஓடும் மங்கலான பாலாடை நிற ஓடும் கலந்தது. மொத்தம் 10,56,006 ஓடுகள், ஸ்வீடனில் செய்தவை.

ஞாயிறு உங்கள் விருப்பம். நானாக இருந்தால் எஃப்-3 படகில் பரமட்டா ஆற்றில் போவேன், ஒன்றரை மணி நேரம், மேலே போகப் போக ஆறு குறுகி இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், பிச்சாவரம் போல. ஆட்டமே கிடையாது, உங்கள் மனைவிக்கு நிம்மதியான பயணம். நீர்வற்று நேரத்தில் கடைசித் துண்டுக்குப் படகு போகாது, ரைடல்மியரில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள், அதனால் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரமட்டாவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஹாரிஸ் பார்க், விக்ரம் தெரு முழுக்க நம்மவர் கடை, தோசைக்கு நாக்கு செத்துப்போயிருந்தால் அங்கே உயிர் வரும். மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது, பக்கம்தான். சிட்னிக்கு மேற்கே இருக்கும் நீலமலைக்கு (புளூ மவுண்டன்ஸ்) ஒரே நாளில் போய்வரலாம் என்று பலர் சொல்வார்கள். போய்வரலாம், ரயிலில் போக இரண்டு மணி வர இரண்டு மணி, நான்கு நாளில் ஒன்று அதற்கே போய்விடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடம் முன்பு மேன்லிப் படகில் ஓர் இளம் ஜோடி, தமிழ். நமக்கு யார் புரியப் போகிறது என்று சத்தமாகவே சண்டை. அவர் கையில் ஒரு தாள், மணி வாரியாகப் பதினோரு இடம் எழுதியிருக்கிறார், ஏழாவது இடத்துக்கு இருபது நிமிடம் தாமதம். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு எங்கயாவது உக்காரணும்." நான் வடத்தைச் சுருட்டிக்கொண்டே, "அக்கா, மேன்லில இறங்காதீங்க, அப்படியே திரும்பி வாங்க, வெயில் இறங்குது, நல்லா இருக்கும்" என்றேன். இரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள். அங்கே கதவு இருப்பதால் இறங்கித் தட்டி மறுபடி ஏற வேண்டியிருந்தது, ஆனால் ஏறிவிட்டார்கள். திரும்பி வரும்போது அந்தத் தாள் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது.

சரி, எந்தப் பக்கம்? சர்க்குலர் கீயிலிருந்து மேன்லி போகும்போது வலப்பக்கம் வெளி பெஞ்சு. கிளம்பியதும் ஓபரா ஹவுஸ் அந்தப் பக்கம்தான் வரும். படகு முனையைச் சுற்றும்போது கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தனித்தனியாக நின்ற சிப்பிகள் ஒன்றுக்குள் ஒன்று மெதுவாக மறைந்து, ஒரு கணம் ஒன்றாகி, மறுபடி பிரியும். கரையில் நின்றால் இது தெரியாது. அடுத்து அதே பக்கம் டெனிசன் கோட்டை என்ற குட்டித் தீவு, பழைய பெயர் பிஞ்ச்கட். கைதிகளை அங்கே விட்டு வயிற்றைக் காயப் போட்டதால் வந்த பெயர் என்பார்கள், தண்ணீர் குறுகும் இடத்துக்கு மாலுமிகள் வைக்கும் பெயர் என்றும் சொல்வார்கள், இரண்டில் எது என்று தீர்ந்தபாடில்லை. திரும்பி வருவதை மாலை ஆறரை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது சூரியன் எதிரே இறங்கும். இந்த முறை ஓபரா ஹவுஸ் இடப்பக்கம் வரும், வலப்பக்கம் உட்கார்ந்தால் பாலம். முன்முனைக்கு எல்லாரும் ஓடுவார்கள், நீங்கள் பக்கவாட்டிலேயே இருங்கள், குளிரும். இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் படம் வேண்டும் என்றால் செல்பி எடுத்துப் பாதி முகத்தை வெட்டிக்கொள்ளாமல், டெக்ஹேண்டிடம் போனைக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் படம் எடுத்த கை எங்களுடையது. துறை நெருங்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் கேட்காதீர்கள், அப்போது கையில் வடம் இருக்கும்.